திவசச் சோறு சாப்பிட்ட வெள்ளைக்காரர்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் மெல்ல எழும்பிப் போய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். பயத்தினால் அல்ல. எனக்கு அதில் ஒரு துளி நம்பிக்கையும் கிடையாது. என்னைக் கட்டின மனிசனும் அப்படித்தான். சுடலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் புகையிலை நட்டவர், விடிய மூன்று மணிக்குத் தனியாகத் தண்ணீர் இறைக்கப் போனவர், ஒரு நாளும் ஒன்றையும் கண்டதில்லை என்பார். அதனால் இதை எழுதுகிறவள் நிழலைக் கண்டு அலறுகிற பெண் அல்ல என்பதை முதலில் சொல்லி விடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

என் மகன் ரஞ்சன் என்னைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணி எடுத்த முதல் வருடம் அது. ரூஜ் என்கிற இடத்தில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம், மகனும் மருமகள் சுகந்தியும் நானும். அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நான் தனியே. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்று சொல்: யெஸ், நோ, தாங்க்யூ. இதில் நோ என்பதை நான் பாவித்ததே இல்லை. தமிழிலேயே ஒருவரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாதவளுக்கு இங்கிலீஷில் எங்கே வரப்போகிறது.

பக்கத்து வீட்டில் டோரதி என்று ஒரு வெள்ளைக்கார மனிசி இருந்தா. என்னைவிடப் பத்து வயது மூப்பு. வேலிக்கு மேலால் தக்காளி தருவா, நான் வடை கொடுப்பேன், இரண்டு பேரும் சிரிப்போம், அவ்வளவுதான் சிநேகிதம். அந்தக் கோடையில் அவ வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனா. சாமான் ஏற்றுகிற அன்று என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டா. போனேன். கண்ணாடி போட்ட ஒரு படத்தை என் கையில் தந்து நீளமாக ஏதோ சொன்னா. நான் யெஸ் என்றேன். சாமான் ஏற்றி முடியும் வரைக்கும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நில்லுங்கோ என்கிறா என்றுதான் விளங்கியது. வெயிலுக்குள் அரை மணித்தியாலம் பிடித்துக்கொண்டு நின்றேன். லொறி புறப்பட்டது. டோரதி என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு மகளின் காரில் ஏறிப் போய்விட்டா. படம் என் கையில்.

கறுப்பு மையில் அடித்த படம். ஒரு சொட்டு வேறு நிறம் கிடையாது. ஒரு மனிதர் தோட்டத்துக்குள் நிற்கிறார். வைக்கோல் தொப்பி. ஒரு கை மண்வெட்டிப் பிடியில், மற்றக் கை இடுப்பில். தொப்பியின் நிழல் விழுந்து முகம் தெரியாது. பின்னால் ஒரு பெரிய பலகைக் கொட்டில், அதற்கு மேலே கன்னங்கரேலென்று வானம். தோட்டம் என்ன தோட்டம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. புகையிலை. வெள்ளைக்காரரின் ஊரிலும் புகையிலை நடுவார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே பென்சிலால் ஒரு இலக்கம், ஒரு கோடு, இன்னொரு இலக்கம், பிறகு யாரோ வைத்த கையெழுத்து.

“மாமி, உது பழைய காலத்துப் படம். பலகையில வெட்டி, மை பூசி, கடதாசியில அமத்தி எடுக்கிறது,” என்றாள் சுகந்தி. ஹோலில் ஏற்கெனவே ஒரு ஆணி இருந்தது. ஆணி சும்மா கிடக்கிறதே என்று அதில் மாட்டினோம். எங்களிடம் மாட்டுவதற்கு வேறு படம் ஒன்றும் இருக்கவில்லை.

வேறு படம் இல்லை என்று சும்மா சொல்லவில்லை. என் மனிசனின் படம் ஒன்றுகூட இல்லை. இருந்தது இரண்டே இரண்டு. இடம்பெயர்ந்து ஓடினபோது பெட்டியோடு போய்விட்டது. அவர் செத்தது அதற்குப் பிறகு, இன்னொருவர் வீட்டு விறாந்தையில். அங்கே படம் எடுக்க யார் இருந்தார்கள்.

மாசி மாதம் அவருடைய திவசம் வந்தது. கனடாவில் நாங்கள் செய்கிற முதல் திவசம். வாசலில் முழங்கால் அளவுக்கு ஸ்னோ. ஐயருக்கு அன்றைக்கு மூன்று வீடு, எங்களுடையது நடுவீடு. பூட்ஸைக் கழற்றும்போதே மணியைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரஞ்சன் குளியலறையில். சுகந்தி வாழையிலையைச் சுடுதண்ணீரில் போட்டுப் பனி இளக்கிக்கொண்டிருந்தாள். நான் குசினி வாசலில் வாழைக்காயோடு நின்றேன்.

“படம் வைக்கேல்லையோ அம்மா?” என்றார் ஐயர்.

படம் இல்லை ஐயா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சொல் வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதற்குள் சின்னத்தம்பி அண்ணை முந்திவிட்டார். அவர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர், இரண்டு தெரு தள்ளி மகளோடு இருந்தவர், இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து ஒப்பரேஷனுக்குத் தவணை நாள் கிடைக்காமல் காத்திருந்தவர்.

“உந்தா சுவரில தொங்குது ஐயா. அண்ணையேதான். இடுப்பில கையைக் குடுத்துக்கொண்டு நிக்கிற நிலையைப் பாருங்கோ. அவற்ர தோட்டத்துக்கு நான் எத்தினை தரம் பொயிலை வாங்கப் போயிருப்பன். தொப்பி போட்டால் எங்களுக்கு ஆளைத் தெரியாதோ?”

என் மனிசன் வாழ்நாளில் தொப்பி போட்டதில்லை. தலையில் துவாய் கட்டுவார். ஆனால் சின்னத்தம்பி அண்ணை சால்வையால் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அழுகிற மனிதரைப் பார்த்து அது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் என்று எப்படிச் சொல்வது? ஐயர் படத்தைக் கழற்றிக் கதிரையில் வெள்ளைத் துணி விரித்து வைத்தார். பிளாஸ்டிக் மாலையைப் போட்டார். கண்ணாடியில் தொப்பிக்கு நேரே சந்தனப் பொட்டு வைத்தார்.

ரஞ்சன் ஈரத் தலையோடு வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், போய் மணையில் இருந்துவிட்டான். படம் இல்லாத குறைக்கு அம்மாதான் இப்படி ஒழுங்கு பண்ணியிருக்கிறா என்று நினைத்தானாம். நான், மகன் வந்து நிற்பாட்டுவான் என்று நினைத்தேன். சுகந்தி, தாயும் மகனும் கதைத்துத்தான் செய்கிறார்கள், நான் ஏன் வாயைக் குடுப்பான் என்று இருந்தாளாம். இப்படியாக மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தோம்.

ஐயர் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு படையல் போட்டோம். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பூசணிக்காய், பாகற்காய், வடை, பாயாசம். இலைக்குப் பக்கத்தில் பிரிசுத் தட்டில் ஒரு சுருட்டு. அவர் கடைசி நாள் வரை சுருட்டு இழுத்துப் பத்தியவர், அது இல்லாமல் அவருக்கு ஒரு சாப்பாடு முடியாது. ரஞ்சன் காஸ் ஸ்டேஷனில் வாங்கி வந்தது, பெருவிரல் மொத்தத்தில், இடுப்பில் தங்கக் கடதாசி சுற்றி மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதைப் பற்ற வைத்துவிட்டு, ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று வழக்கப்படி ஹோல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தோம். காகத்துக்கென்று பின்பக்கம் வைத்த சோற்றை அணில் தின்றது. கறுப்பு அணில், நிறமாவது சரிதானே என்றார் சின்னத்தம்பி அண்ணை. திரும்பக் கதவைத் திறந்தபோது சுருட்டு முக்கால்வாசி சாம்பலாகக் கிடந்தது. சும்மா வைத்த சுருட்டு இழுக்க ஆள் இல்லாமல் அணைந்துவிடும் என்று புகையிலைக்காரன் பெண்சாதி எனக்குத் தெரியும். அப்போது நான் அதை யோசிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மூன்று மணி. பட்டப்பகல். ஸ்னோவில் வெயில் பட்டு வீடெல்லாம் வெளிச்சம். இரவு, இருட்டு, மழை, மின்னல் ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் உங்களுக்கு நம்ப வசதியாக இருந்திருக்கும். நான் தனியே சோபாவில் இருந்து கீரை துப்புரவாக்குகிறேன். புகை அலாரம் கத்தத் தொடங்கியது.

இந்த ஊரில் எங்கள் ஆட்களின் வீட்டில் அது கத்துவது புதினமல்ல. வடைக்கு எண்ணெய் வைத்தாலே கத்தும். துவாயால் நாலு தரம் விசிறினால் ஓயும். ஆனால் அன்றைக்கு அடுப்பு பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. விசிறினேன், ஓய்ந்தது. வந்து இருந்தேன், திரும்பக் கத்தியது. மூன்று தரம் இப்படி. நாலாம் தரம் துவாயோடு கதிரையில் ஏறி நிற்கும்போதுதான் மணத்தது. சுருட்டு.

மெல்ல இறங்கினேன். படம் மாலையோடு அந்தக் கதிரையிலேயே இருந்தது, எடுத்து மாட்ட ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. நம்பினால் நம்புங்கள். அந்தக் கன்னங்கரேலென்ற வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு. தொப்பிக்குக் கீழே இருந்து தலைமயிர் மாதிரி மெல்லிசாகப் புறப்பட்டு, ஒரு சுழி சுழித்து, கொட்டில் கூரை வரைக்கும் போகிறது. புகை.

கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். போகவில்லை. சந்தனம் வழிந்திருக்கும் என்று பொட்டை வழித்தேன். பொட்டு போனது, புகை போகவில்லை.

பயம் வந்ததுதான், ஆனால் நீங்கள் நினைக்கிற பயமல்ல. சுருட்டை இவர் பத்தியிருக்கிறார். அப்படியென்றால் சோற்றையும் இவர்தான் சாப்பிட்டிருக்கிறார். அப்படியென்றால் என் மனிசன்?

உங்களுக்கு என் மனிசனைத் தெரியாது. நான் கூச்சக்காரி என்றால் அவர் எனக்கு மேலே. ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் அவருக்கு வைத்த இலையில் வேறு ஒருவர் மாறி இருந்துவிட்டார். இவர் ஒன்றும் சொல்லாமல் நாலு மைல் நடந்து வீட்டுக்கு வந்து, பழஞ்சோறு இருக்கோ என்று கேட்டார். எங்கே போனாலும் ஒரு தரம் கூப்பிட்டால் உள்ளே வரமாட்டார், இரண்டாம் தரமும் கூப்பிட வேண்டும். அப்படிப்பட்ட மனிதர், கடல் தாண்டி, ஸ்னோவுக்குள் ஒரு ஜக்கெட்கூட இல்லாமல் அவ்வளவு தூரம் வந்து, கதவுக்குள்ளால் எட்டிப் பார்த்திருப்பார். உள்ளே தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரர் இலைக்கு முன்னால் இருந்து சாப்பிடுகிறார். வீடு மாறி வந்துவிட்டேன் என்று படியிலேயே திரும்பிப் போயிருப்பார். எல்லாம் நான் வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லாததால்.

அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரஞ்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டு இரண்டு தரம் பார்த்தான்.

“உது முந்தியும் இருந்திருக்கும் அம்மா. நாங்கள் வடிவாப் பாக்கேல்லை.”

“ஆறு மாசமா நான் தூசி தட்டுற படம் தம்பி.”

“அப்ப ஐயரைத்தான் கேளுங்கோ மாமி,” என்றாள் சுகந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஐயருக்குப் போன் பண்ண எனக்கு இரண்டு நாள் எடுத்தது. சொல்ல வேண்டியதைச் சமையல் புத்தகத்துக்குப் பின்னால் எழுதி வைத்துப் பாடமாக்கினேன்.

“பேரும் கோத்திரமும் சொல்லித்தானே அம்மா கூப்பிட்டது. படம் சும்மா எங்கட கண்ணுக்கு. போய்ச் சேந்திருக்கும், யோசியாதேங்கோ.”

“வேற ஆள் இருந்து சாப்பிட்டிருந்தால், ஐயா?”

“வேற ஆர்?”

“பக்கத்து வீட்டு மனிசி தந்திட்டுப் போன வெள்ளைக்காரர்.”

போனுக்குள் ஐயர் வீட்டு டீவி சத்தம் கேட்டது. “வாற வருசம் வடிவாச் செய்வம் அம்மா,” என்று வைத்துவிட்டார். வாற வருசம். செத்த ஆளுக்கு வருடத்தில் ஒரு நேரம்தான் சாப்பாடு. அந்த ஒரு நேரத்தையும் பறிகொடுத்துவிட்டு அவர் அடுத்த மாசி வரைக்கும் பசி கிடக்க வேண்டும். இவர் என்னவென்றால் என் ஹோலில் நின்று சுருட்டுப் பத்துகிறார்.

ஸ்னோ கரைந்த பிறகு டோரதியின் மகள் லிண்டா ஒரு நாள் வந்தா. தாய் சுகம் விசாரித்ததாகச் சொல்ல வந்தவ, மாலை போட்ட படத்தைக் கண்டு திகைத்துப் போய் நின்றா. சுகந்தி எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். நான் குசினிக்குள் ஒளிந்துகொண்டேன். முதலில் லிண்டா சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். படத்துக்குக் கிட்ட முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறா.

லிண்டா சொன்னதைச் சுகந்தி எனக்குச் சொன்னாள். அமெரிக்காவின் நடுப்பக்கத்துக் கிராமங்களை, அங்கே உள்ள தோட்டக்காரரை, கொட்டில்களை மட்டுமே கீறிக்கொண்டிருந்த ஒரு ஓவியர், அறுபது வருடத்துக்கு முன்னம் பலகையில் வெட்டிய படம் இது. அந்த ஒரு பலகையில் இருந்து ஐம்பது பிரதி எடுத்தாராம். பென்சிலால் எழுதியிருப்பது இது எத்தனையாவது என்கிற இலக்கம். லிண்டாவின் வீட்டில் இரண்டு பிரதி இருந்தது, மற்றது இப்போது அமெரிக்காவில் தமையன் வீட்டில். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த படம், புகை இருக்கவே இல்லை என்று அடித்துச் சொன்னா.

படத்தைச் சட்டத்தில் இருந்து கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தா. கறுப்பு வேண்டுமென்றால் பேனையால் கூட்டலாமாம். வெள்ளையைக் கூட்ட ஏலாதாம். வெள்ளை என்பது மை படாத வெறும் கடதாசி. பலகையில் அந்த இடத்தை அன்றைக்கே வெட்டி எடுத்திருந்தால்தான் அங்கே மை படாமல் வரும். சுரண்டினால் கடதாசி நார் கிளம்பும். இதில் ஒரு நாரும் கிளம்பவில்லை. லிண்டா படத்தைத் திரும்பச் சட்டத்தில் போட்டுவிட்டு, தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டா. இரண்டு கிழமைக்குப் பிறகு தமையன் வீட்டுப் படத்தைப் போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பினா. அதில் வானம் அட்டைக் கரி, புகையே இல்லை.

லிண்டா புறப்படும்போது நான் சுகந்தியைக் கொண்டு ஒன்று கேட்பித்தேன். இந்த மனிதர் யார்? யாருக்கும் தெரியாதாம். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற யாரோ. பிள்ளை குட்டி? தெரியாது.

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. அறுபது வருடமாக ஒருவரும் ஒரு பிடி சோறு வைக்காத மனிதர். மாலை போட்டு, பொட்டு வைத்து, இலை போட்டுக் கதவையும் சாத்தினால் சாப்பிடாமல் என்ன செய்வார். மற்றப் பாதிக் கோபம் இருந்தது. சாப்பிட்டவர் வாசலில் ஆள் நிற்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

அந்த வருடம் பகலில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அவரும் நானும். மனிதரோடு வாய் திறக்காதவள் படத்தோடு கதைக்கத் தொடங்கினேன். வேறு என்ன, தோட்டக் கதைதான். ஒரு நாள் ஏசிக்கூட விட்டேன். அவருடைய தோட்டத்தில் ஆறு வரிசை புகையிலை, ஆறு வரிசையும் உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. புகையிலையைப் பூக்க விடலாமோ? பூ வர முன்னம் நுனியை முறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய் இலை சவண்டு மெலிந்துவிடும். என் மனிசன் என்றால் கண்கொண்டு பார்த்திருக்க மாட்டார். எதற்கும் கூச்சப்படுகிற மனிதர் இதற்கு மட்டும் கூச்சப்பட மாட்டார். அடுத்தவன் தோட்டத்தில் பூக் கண்டாலும் இறங்கி முறித்துவிட்டுத்தான் வருவார், அதற்காக ஊரில் இரண்டு தரம் சண்டையும் வந்திருக்கிறது.

அடுத்த மாசி வந்தது. இரண்டு இலை போடப் போகிறேன் என்று சொன்னேன்.

“ஐயர் என்ன நினைப்பார் அம்மா?” என்றான் ரஞ்சன்.

“ஐயர் போனாப் பிறகுதானே படையல். ஒரு ஆளுக்குக் கூடச் சமைக்கிறதில என்ன இருக்கு, விடுங்கோ,” என்றாள் சுகந்தி. போன வருடம் சிரித்தவள் இந்த வருடம் சிரிக்கவில்லை.

ஐயர் குத்துவிளக்கை மட்டும் வைத்து, பேர் சொல்லி முடித்துவிட்டுப் போனார். சுவர்ப் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு விளக்குக்கு முன்னால் ஒரு இலை, படத்துக்கு முன்னால் ஒரு இலை. இலைக்கு ஒரு சுருட்டு.

“ஏன் தங்கச்சி, அண்ணையின்ர படத்தை அங்கால தள்ளி வைச்சிருக்கிறியள்?” என்றார் சின்னத்தம்பி அண்ணை. அதற்குள் அவருக்குக் கண் ஒப்பரேஷன் முடிந்திருந்தது.

நான் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். “அது அவர் இல்லை அண்ணை.”

எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தார். பின்னுக்கு வந்து பார்த்தார். “அவரேதான்,” என்றார். ரஞ்சனின் பக்கம் குனிந்து, “கொம்மாவுக்கு மறதி தொடங்கீட்டுது போல, டொக்டரிட்டைக் காட்டு,” என்றார்.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நான் மட்டும் கொஞ்சம் பிந்தினேன். படத்துக்கு முன்னால் நின்று, என் வாழ்நாளில் நான் ஒரு அந்நிய ஆம்பிளையோடு கதைத்த ஆக நீளமான கதையைக் கதைத்தேன்.

“ஐயா, இது உங்கட இலை. அது அவற்ர. அவர் வாசலில நிப்பார், தானா வரமாட்டார். நீங்கள்தான் கூப்பிட வேணும். ஒருக்காக் கூப்பிட்டால் காணாது. ரெண்டாம் தரமும் கூப்பிடுங்கோ.”

பிறகுதான் அவருக்குத் தமிழ் தெரியாதே என்று நினைவு வந்தது. “யெஸ். யெஸ். தாங்க்யூ,” என்று விளக்கின் இலையைக் கையால் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

சாத்தின கை எடுக்கவில்லை, அலாரம் கத்தியது. ரஞ்சன் கதவைத் திறக்கப் பாய்ந்தான். நான் கையைப் பிடித்தேன். “விடு தம்பி, சாப்பிடட்டும்.” சுகந்தி துவாயோடு நிற்கிறாள், யாருக்கு விசிறுவது என்று தெரியாமல். சின்னத்தம்பி அண்ணை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இருக்கிறார். அது கத்து கத்தென்று கத்தி, தானாகவே ஓய்ந்தது.

கதவைத் திறந்தோம். இரண்டு சுருட்டும் அடிவரை சாம்பல். நான் நேரே படத்துக்குப் போனேன். அந்த வெள்ளைக்காரர் நின்றபடி நிற்கிறார், புகையும் போகிறபடி போகிறது. முன் வரிசையைப் பார்த்தேன். முன் வரிசையில் ஒரு பூ இல்லை. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் கறுப்பு. ஒவ்வொரு கன்றும் உச்சிக்கு நாலு விரல் கீழே ஒரே அளவில் முறித்து, ஒரு இலையில்கூடக் கை படாமல். அந்தக் கை எனக்குத் தெரியும். முப்பது வருடம் அந்த முறிப்பைப் பார்த்தவள்.

கதிரையில் இருந்துவிட்டேன். ரஞ்சன் விரலை வைத்து மிச்சப் பூக்களை எண்ணினான், போன வருடம் லிண்டா அனுப்பின போட்டோவைக் கொண்டு வந்து அதையும் எண்ணினான். பிறகு தகப்பனின் இலைக்கு முன்னால் போய் இருந்து அந்தச் சோற்றைக் குழைத்துச் சாப்பிட்டான். கண் கலங்கியிருந்தது. சுகந்தி எனக்கும் ஒரு பிடி தந்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு எனக்கு அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

இது நடந்த பிறகு நாலு திவசம் செய்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் இரண்டு இலை, இரண்டு சுருட்டு, ஒரு கத்தல். ஒவ்வொரு முறையும் ஒரு வரிசை. லிண்டா நத்தார்ப் பண்டிகைக்குக் கார்ட் அனுப்புவா, வரமாட்டா. இந்த மாசியோடு ஐந்து வரிசை முடிந்து, ஒரே ஒரு வரிசையில்தான் பூ நிற்கிறது. நுனி முறித்து முடிந்தால் பிறகு இலை வெட்டுகிறதுதான் வேலை. வெட்டிக்கொண்டு வந்து போடுகிற வரைக்கும்தான் என் மனிசன் செய்வார். நாரில் கோர்த்துக் கட்டுகிறது எங்கள் வீட்டில் எப்போதும் என் வேலை. அவர் தொடமாட்டார், அவருக்கு அது வராது.

போன கிழமை தூசி தட்டும்போது கண்டேன். பின்னால் அந்தக் கொட்டிலின் கதவு அரைவாசி திறந்திருக்கிறது. உள்ளே இருட்டுக்குள் சின்னதாக வெள்ளை தெரிகிறது. ரஞ்சனின் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். குந்தி இருந்து இலை கோர்க்கிறதுக்கு ஒரு பலகைக் கட்டை. அந்த வெள்ளைக்காரருக்கு அது காணாது, முழங்கால் நாடியில் இடிக்கும். என் மனிசனுக்கும் உயரம் காணாத பதிவு. என் அளவுக்கு எடுத்த கட்டை.

பிள்ளைகளுக்கு இன்னும் காட்டவில்லை.